மேலகரத்தில் ஒரு ஞானத்தகப்பன்

சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தென்காசியில் இறங்கினேன். நண்பன் அந்தோணியின் மகள் ரெபேக்காவுக்கு மறுநாள் உறுதிப்பூசுதல்; ஞானஸ்நானத்தை வளர்ந்த பிள்ளை தானே உறுதிசெய்துகொள்ளும் சடங்கு. பதினான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் நான். இப்போதும் அவள் தோளில் கை வைத்து நிற்க வேண்டும். அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல். என் திட்டம் அவ்வளவுதான். மேலகரம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூறு ரூபாய்.

பத்து மணிக்குப் பேரருவியில் தலையைக் கொடுத்தேன். சென்னை அலுப்பெல்லாம் இறங்கியது.

மூன்று மணிக்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு. சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துப் போனால், எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயது மளிகைக்கடைக்காரரும் ஒரே பெஞ்சில் வேதாகமத்தை விரித்து வைத்திருந்தார்கள். இந்தப் பங்குக்கோயிலில் இதற்கு வயது வரம்பே கிடையாதாம். திகைத்துப்போய் நானும் உட்கார்ந்தேன்.

உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளை, யாரிடம் என்ன கற்றது என்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். ரெபேக்கா எழுந்தாள். ஜெபமாலை சொல்லக் கற்றது அம்மாவிடம்; கோபத்தில் வாயை மூடிக்கொள்வது மளிகைக்கடை அண்ணாச்சியிடம்.

“அத நான் இவட்டல்லா படிச்சேன்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

வகுப்பு நடத்திய செசிலி டீச்சர், “ஒன் ஞானத்தகப்பன்ட்ட என்னட்டி படிச்சே?” என்றார்.

“ஒண்ணும் இல்ல டீச்சர். வெவரம் தெரிஞ்சு இன்னைக்குத்தான் மாமாவப் பாக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். வருடம் தவறாமல் பிறந்தநாளுக்கு கேக் அனுப்பியவனுக்கு இதுவா என்று கோபம்கூட வந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “நீங்க இவளுக்காக ஜெபிச்சிருக்கியளா சார்?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “இல்லை” என்றேன்.

“அப்ப வேற ஆளத்தான் நிறுத்தணும். பிள்ளையத் தெரியாதவுக எப்படிச் சாட்சியா நிக்க?”

“மாமாவே நிக்கட்டும் டீச்சர்” என்றாள் ரெபேக்கா. “தெனமும் ஜெபத்துல அவுக பேரத்தான் மொதல்ல சொல்லுதேன். சின்னப்பிள்ளையில அம்மா சொல்லித் தந்தது.”

டீச்சர் நோட்டில் என் பெயரையே எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை பிஷப் அவள் நெற்றியில் தைலம் பூசியபோது என் கை அவள் தோளில் இருந்தது.

சாயங்காலம் ரயிலேறினேன். சென்னையில் எங்கள் பங்குக்கோயிலில் பத்தாம் வகுப்போடு மறைக்கல்வி முடிந்துவிடும். நானும் அதோடு முடித்துக்கொண்டவன். கடையநல்லூர் தாண்டியதும் ரெபேக்காவுக்காக ஜெபிக்கக் கண்ணை மூடினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று இந்த இரண்டு நாளிலும் நான் அவளிடம் கேட்கவே இல்லை.