ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் மூன்று கிழமை

கொரியாவில் பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை விட்டாலும், என்னைப் போல ஆங்கிலம் படிப்பிக்கப் போனவர்களுக்குப் பள்ளிக்கூடம் விடுவதில்லை. முதலில் ஒரு கிழமை ஆங்கில முகாம். பிறகு, பிள்ளைகளே இல்லாத கட்டடத்தில் காலையிலிருந்து மாலைவரை மேசையில் இருக்கவேண்டும். ஒப்பந்தம் அப்படி. சொந்த விடுப்பு பத்து நாள்தான்.

அந்தப் பத்து நாளையும் எடுத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தேன். அப்பாவுக்கு ஸ்ரோக் வந்து, ஒரு பக்கக் கையும் காலும் வழங்காமல், பேச்சும் நின்றுபோயிருந்தது. மோர்னிங்சைட் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்குள் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே அவர் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய மனிதர்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில், முகாமுக்குச் செய்த பட அட்டைகளை நான் காட்டினேன். படத்தின் கீழிருந்த ஆங்கிலத்தை விரலால் மறைத்துக்கொண்டு, “தண்ணி, அப்பா. தண்ணி.” ஒன்பதாம் நாள் “த” என்றார். அடுத்த நாள் எனக்கு விமானம்.

“இன்னும் கொஞ்ச நாள் நிக்கேலாதோ, பிள்ளை?” என்றார் அம்மா.

“கேட்டுப் பாத்திட்டன் அம்மா. லீவு இல்லையாம்.”

“சரி, போட்டு வா. நான் பாப்பன்.”

வெறுமையான ஆசிரியர் அறையில் திரும்பவும் போய் இருந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. அங்கே அம்மா தனியே அவரைத் தூக்கி இருத்துகிறார். இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வீடியோவில் அழைத்தேன். ரொறன்ரோவில் அப்போது மாலை ஏழு. அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். பிறகு தினமும் ஒரு மணிநேரம்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தின் துணை அதிபர் கதவருகில் நின்றார். பதறி எழுந்து, “என் அப்பா” என்றேன். அவர் திரையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அப்பா வழங்குகிற கையை மெல்ல உயர்த்தினார். துணை அதிபர் போய், தன் அறை ஹீட்டரைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் அந்த ஒரு மணிநேரம் இல்லாமல் போனது. அதற்குள் அப்பாவுக்குப் பதினொரு சொற்கள் வந்திருந்தன. அதற்குமேல் வரவில்லை.

மறு ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடவில்லை. அப்பா அதன்பின் ஒரு குளிர்காலம்தான் இருந்தார். அது முழுவதும் நான் வீட்டில் இருந்தேன்.