நானூறு மீட்டர் வளைகோடு

ஹட்டனில் நான் வேலை செய்யும் பேனர் கடையில், ஒரு கல்யாண பேனருக்கு மல்லிகைச் சரம் வரைந்துகொண்டிருந்தேன். சரத்தின் முனைகளை நெருக்கினால் நடு தொங்க வேண்டும். பூ கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதாவது, கோட்டின் நீளம் மாறக்கூடாது. மென்பொருளில் நீளத்தைப் பூட்டிவைக்க வழியில்லை. வளைவின் கைப்பிடியை இழுத்து, நீளத்தைப் பார்த்து, மறுபடி இழுக்க வேண்டியதுதான். அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது: எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ஹோஸும் இப்படித்தானே? இரண்டு முனை தெரியும், நீளம் தெரியும். நடுவில் எப்படி வளைந்து போனது என்பதுதான் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

டயகமப் பக்கத்தில் எங்கள் மலை சரிந்து இரண்டு வருடமாகிறது. அன்று காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஹோஸின் கீழ்முனையில், நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலியில், தண்ணீர் விழவில்லை என்று அக்காவின் புருஷன், என் மச்சான், ஹோஸைப் பார்க்க மேலே போனார். அங்கிருந்து அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"மூணாவது மூட்டுக்கிட்ட நிக்கிறேன். கழண்டு கெடக்கு. மாட்டிட்டு வந்துர்றேன்."

லயம் தப்பியது, பீலி தப்பியது, மேலே ஊற்றடியில் பாறைமேல் கட்டிய தொட்டியும் தப்பியது. நடுவில் இருந்த மலைதான் போனது. சில நாள் கீழ்ப்பக்கம் தோண்டினார்கள். மச்சான் கிடைக்கவில்லை. மாதாமாதம் அக்கா சரிவின் அடியில் ரோட்டோரமாகப் பால் ஊற்றிவிட்டு வருவாள். "எங்கயோ ஊத்துறேன்" என்பாள், வந்து செருப்பைக் கழற்றும்போதே.

ஹோஸ் நூறு நூறு மீட்டராக நான்கு சுருள்; அவற்றை இணைக்க மூன்று மூட்டு. செயற்கைக்கோள் படத்தைப் பின்னால் வைத்து, தொட்டியிலிருந்து பீலிவரை சரியாக நானூறு மீட்டருக்கு ஒரு வளைவு வரைந்தேன். முந்நூறாவது மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு இன்னொரு வளைவு. வேலை இல்லாத மத்தியானங்களில் முப்பத்தெட்டு ஆகிவிட்டன.

"என்ன புள்ள, மண்புழு வளக்கிறியா?" என்றார் முதலாளி.

எல்லா வளைவும் சரியான நீளம். அதுதான் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு இடத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியை அசைத்தால் புள்ளி நகரும். அவர் கையைப் பிடித்து மலை முழுக்க இழுத்துக்கொண்டு அலைவதுபோல் இருக்கும். திரையை அணைத்த பிறகும் கறுப்பில் அந்தச் சிவப்பு கொஞ்ச நேரம் நிற்கும்.

சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தாள். காட்டினேன்.

"இதுல எதுடி அவரு?"

"தெரியலக்கா. இந்தக் கீழ்ப்பக்கம் எங்கயாவது."

"லயத்துக்கு இம்புட்டுக் கிட்டவா?"

"ஊத்துல இருந்து மூணாவது மூட்டு அங்கதானே வரும்."

"ஊத்துல இருந்து எதுக்குடி எண்ணுற?"

"தண்ணி அங்கருந்துதானே வருது."

"தண்ணி வரும். நாங்க பீலில இருந்துல்ல ஏறிப் போவோம்! மொத மூட்டு, ரெண்டாவது மூட்டுன்னு தடவிப் பாத்துக்கிட்டே போறது. லயத்துல பொறந்தவதானே நீ?"

பிறந்தவள்தான். ஆனால் ஹாஸ்டலில் படித்தவள். ஹோஸ் பார்க்க ஒருநாளும் ஏறியதில்லை. எண்ணிக்கையைப் பீலியிலிருந்து தொடங்கினேன். முப்பத்தெட்டுப் புள்ளிகளும் கீழிருந்து மறைந்து, தொட்டிப் பக்கம் போய் நெருங்கி நின்றன. யாரும் தோண்டாத இடம்.

அக்கா திரையைத் தொடப்போய், விரலை எடுத்துக்கொண்டாள்.

"அம்புட்டு மேலயா போயிட்டாரு? நான் ரோட்டுல ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

பிறகு அவளே சொன்னாள்: "தேயிலைக்கு நடுவுல ஹோஸ் போடலடி. கொழுந்து எடுக்குறப்ப காலத் தட்டும். கான் ஓரமாத்தான் போட்டோம்."

கான் என்றால் மலையில் வெட்டிய வடிகால். சரிவுக்கு முந்தைய படத்தில் அது மெல்லிய நிழலாகத் தெரிகிறது. முப்பத்தெட்டையும் அழித்துவிட்டேன். திங்கட்கிழமை கடைக்கு வந்ததும் அந்த நிழலை ஒட்டி ஒரே ஒரு வளைவு வரையப் போகிறேன். படம் தட்டை, மலையோ சரிவு. அதனால் படத்தில் நூறு மீட்டர் எவ்வளவு சுருங்கும் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நூறு மீட்டர் நைலான் கயிற்றைத் தொட்டியில் கட்டிவிட்டு, அந்த வளைவின்படியே இறங்கிப் பார்ப்போம். மழையென்றால் அதற்கடுத்த ஞாயிறு. பால் போத்தலை அக்கா எடுத்து வருவாள். எங்கே நிற்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.