எங்கள் வீட்டில் தங்கிவிட்ட மாதா

மே மாதம் பிறந்ததும் எங்கள் தெருவில் மாதா வீடு மாறத் தொடங்கிவிடுவார். கோயில் பீடத்தில் நிற்கும் பெரிய மாதாவைச் சொல்லவில்லை, அவர் எங்கும் போவதில்லை. இது ஒரு முழ உயரச் சுரூபம். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலப் போர்வையோடு நிற்பார். யாரோ எப்போதோ கீழே போட்டதில் மூக்கு நுனி மட்டும் கொஞ்சம் சிதைந்திருக்கும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்குவார். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்களே மெழுகுவர்த்தி பிடித்து, பாட்டுப் பாடி, அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மாதா வந்திறங்கும் வீட்டில் சுண்டல் நிச்சயம் என்பதால் அந்த ஒரு மாதம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பக்தி பொங்கி வழியும்.

நாங்கள் அப்போது ஆம்பூரை ஒட்டி, தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்புறம் குடியிருந்தோம். அப்பாவுக்கு டேனரியில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிற செக்‌ஷனில் இருந்தாள். (அம்மாவை அவள் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. மாதாவை அப்படி எழுதினால் அம்மா என்னோடு பேச மாட்டாள்.) பக்கத்து வீடு அத்தையுடையது, அப்பாவின் சொந்த அக்கா. மாதா போகும் வரிசையிலும் எங்களுக்கு அடுத்தது அத்தை வீடுதான். அந்த வருடம் அத்தையின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதனால் அத்தை முன்னறைக்கு வெள்ளையடித்து, புதுத் திரைச்சீலை மாட்டி, மாதா வந்து தங்கினால் பிரசவம் சுகமாக முடிந்த மாதிரிதான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருடம் அது. மாதா எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஊரடங்கு. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் போன் செய்தார்.

"மாதா எங்க இருக்காங்களோ அங்கயே இருக்கட்டும். யாரும் தூக்கினு தெருவுல வரக் கூடாது. அப்புறம் பேஜாராயிடும்."

அப்பா கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாதாவுக்கே இ-பாஸ் கெடைக்கல, பாவம்" என்றார். அம்மா முறைத்துவிட்டு அவருக்காகவும் சேர்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பாவின் பக்தி அப்படித்தான். பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில், கதவோரம் நிற்பார். காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால், பஸ் எதற்கு விட்டிருக்கிறார்கள் என்று கேட்பார்.

அத்தைக்குத்தான் தாங்கவில்லை. தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட மாதாவை நாங்கள் வழிமறித்து வைத்துக்கொண்டது போல இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் போன் செய்து, போனை மாதாவின் காதருகே பிடிக்கச் சொன்னாள். நான் பெட்டியைத் திறந்து பிடித்தேன். "எம் பொண்ணப் பாத்துக்கோம்மா. வெள்ளையடிச்சி வெச்சிக்கிறேன், வந்துடும்மா" என்று அத்தை பேசியது அறை முழுக்கக் கேட்டது. அப்பாவின் போனில் ஸ்பீக்கரைப் போட்டால்தான் சத்தம் வரும்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. கோயில் பூட்டியிருந்தது, சாமியாரைப் பார்க்க வழியில்லை, எங்கள் வீட்டு மாதாவோ போனில் கிடைத்தார். விளக்கு வைக்கும் நேரம் ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர் அழைத்தார்கள். நான்காம் வகுப்புப் படித்த எனக்குத் திடீரென்று பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டது. கம்பெனி திறக்க வேண்டும் என்றார்கள், ஓசூரில் மாட்டிக்கொண்ட மகன் வந்து சேர வேண்டும் என்றார்கள். ஒரு சித்தி, டாஸ்மாக் கடை மூடியதால் கை நடுங்கிக்கொண்டிருக்கும் புருஷனுக்காக வேண்டிக்கொண்டு, கடை திறக்கவே கூடாது என்றும் அதே மூச்சில் வேண்டினாள். பெரியவர்கள் இப்படியெல்லாம் அழுவார்கள் என்பதை நான் அந்தப் போனில்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நேரத்தில்தான் அப்பா, தோல் வாடையே இல்லையே என்று ஒருநாள் சொன்னார். எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை காற்றோடு காற்று. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். டேனரி மூடிக்கிடக்கிறது, வாடை எங்கிருந்து வரும் என்று அம்மாவும் சொன்னாள். ஊரே சுத்தமாகிவிட்டது என்று அப்பா மொட்டை மாடியில் நின்று நன்றாக மூச்சை இழுத்து விட்டார். மறுநாள் மாதாவுக்கு அம்மா சாம்பிராணி போட்டாள். வீடு முழுக்கப் புகை. எனக்கு இருமல் வந்தது. அப்பா மட்டும் அந்தப் புகைக்குள் உட்கார்ந்துகொண்டு, "இன்னா இன்னிக்கு வாசனையே கம்மியா கீது?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த தூபக்காலைக் கீழே வைத்துவிட்டாள். அன்று ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன, ஒரு கதவும் திறக்கவில்லை. அத்தை மட்டும் மாடியிலிருந்து "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டாள். அப்பா தானே நடந்துபோய் வண்டியில் ஏறினார். என்னைப் பார்த்து, அம்மாவின் போனை எப்போதும் சார்ஜில் வைத்திருக்கச் சொன்னார். தன் போனை எடுத்துக்கொண்டார்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. எங்கள் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அத்தை வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாவும் நானும் மாதாவும் மட்டும் வீட்டில். அம்மா நாளெல்லாம் ஜெபமாலையோடு இருந்தாள். அப்பா திரும்பி வர வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் வேண்டுதல். வேறு யார் போன் செய்தாலும் அம்மா சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிடுவாள், அப்பாவின் அழைப்பு வரும் நேரத்தில் லைன் பிஸியாக இருந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அப்பா முதலில் என்னிடம்தான் பேசுவார்.

"மாதா ஃப்ரீயா கீறாங்களா?"

"ஃப்ரீதான்ப்பா."

"அப்போ குடு. பக்கத்து பெட்டுல வாணியம்பாடி பாய் ஒருத்தரு கீறாரு. அவரும் ரெண்டு வார்த்த பேசணுமாம்."

பாய் மாதாவை மர்யம் பீபி என்று கூப்பிட்டு உருதுவில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. மாதாவுக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்று அம்மா சொன்னாள்.

நாள் போகப் போக அப்பா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீதியைச் சொல்வார். ஒருநாள், குணமானால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் வருவேன், காவிப் பாவாடை தைத்துக்கொடு என்று அம்மாவிடம் குதித்தேன். அம்மா சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அப்பாவைத் தெரிந்தவர்கள் யாருக்கும் அந்த நேர்ச்சை ஒன்றே போதும், அவர் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்று புரிந்துகொள்ள.

அதற்கு அடுத்த நாள் அப்பா கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டோம். பாய் எடுத்தார்.

"அப்பாவ வேற ரூமுக்கு மாத்திட்டாங்க கண்ணு. போன இங்கயே வுட்டுட்டுப் போயிட்டாரு. நான் துவா பண்ணிக்கினேதான் கீறேன். அம்மாகிட்ட குடு."

அம்மா பேசிவிட்டு மாதாவின் முன் உட்கார்ந்தாள். விடிய விடிய மெழுகுவர்த்தி எரிந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவை மட்டும் ஒரு ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார்கள். உடம்பெல்லாம் கவச உறை போட்ட ஆட்கள் கயிற்றில் இறக்கினார்களாம். மண் போடக்கூட அம்மாவை அருகில் விடவில்லை. திரும்பி வந்தவள் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு மாதாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாளோ என்று நான் பயந்தேன். அவள் வாடிப்போன மாலையைக் கழற்றிவிட்டு வேறு மாலை போட்டாள். அம்மா மேல் எனக்குக் கோபமாக வந்தது. நாங்கள் கேட்டது ஒன்றுதான், அதையும் கொடுக்காதவருக்கு எதற்கு மாலை?

ஊரடங்கு தளர்ந்தது. வாசலில் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துப்போட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது. மே மாதம் எப்போதோ முடிந்திருந்தாலும் வீடுகள் பாக்கி இருந்ததால், சத்தமில்லாமல் அடுத்த வீட்டில் கொடுத்துவிடச் சொல்லி உபதேசியார் சொன்னார். அம்மா நீலப் போர்வையைத் துவைத்துக் காயவைத்து, கண்ணாடியைத் துடைத்து, சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நான் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாடுவதற்கு எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை, அதனால் பாடவில்லை. அப்பா செத்த பிறகு அம்மா தெருவில் இறங்கியது அன்றுதான்.

என்னைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு அம்மா அத்தை வீட்டு கேட்டுக்குப் போனாள். அத்தை உள்பக்கம் வந்து நின்றாள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள், மாதாவையா அம்மாவையா என்று தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே அவள் மகள், வாயும் வயிறுமாக, சுவரைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கேட் திறக்கவில்லை. அம்மா பெட்டியோடு திரும்பி வந்தாள்.

அதற்கு அடுத்த வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிட்டதும் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வா போகலாம் என்றாள்.

"இன்னாம்மா, மாதா போவலையா?"

"போவலையாம்."

"ஏன்?"

அம்மா பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். போர்வையைச் சரிசெய்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நம்ம வீடு அவங்களுக்குப் புடிச்சிப்போச்சாம். நம்மகூடவே கொஞ்ச நாளு இருக்கேன்னு சொல்லிட்டாங்க."

என் கோபமெல்லாம் அந்தக் கணத்தில் போய்விட்டது. அப்பா இல்லாத வீட்டில் எங்களைத் தனியாக விட மாதாவுக்கு மனம் வரவில்லை. தெருவில் இத்தனை வீடுகள் இருக்க, வெள்ளையடித்துத் திரைச்சீலை போட்ட வீடு இருக்க, அவர் எங்கள் வீடுதான் வேண்டுமென்று இருந்துவிட்டார். அப்பா போன பிறகு முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாளிலிருந்து போன்கள் மறுபடி வர ஆரம்பித்தன. மாதாவை வாங்கிக்கொள்ள வராதவர்கள், பேச மட்டும் வந்தார்கள். அம்மா யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் முன்போல் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பிடித்தேன்.

அத்தையும் ஒருநாள் அழைத்தாள். மகளுக்கு வலி எடுத்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறோம், மாதாவிடம் கொடு என்று அவசரமாகச் சொன்னாள். கொடுப்பதற்கு முன் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாதா இனிமே ஒங்க வீட்டுக்கு வர மாட்டாங்க அத்தை. எங்க வீடுதான் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. அம்மாதான் சொன்னாங்க."

அத்தை அழுகிற சத்தம் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. எங்கள் மேல் அவளுக்கு இன்னும் பொறாமை போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, போனை மாதாவின் காதருகே கொண்டுபோனேன். அத்தை மாதாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அழுதுகொண்டே இருந்தாள்.

அம்மா ஓடிவந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி, அது சின்னப் புள்ள. தெரியாம பேசிடிச்சி. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. பொண்ணக் கூட்டினு கெளம்புங்க. நான் மாதா முன்னாடியே ஒக்காந்துக்கினு கீறேன். சொகமா ஆவும்."

போனை வைத்துவிட்டு என் முதுகில் ஓர் அடி வைத்தாள். அம்மா என்னை அடித்ததே இல்லை. நான் அழவும், இழுத்துக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடியே மாதாவின் முன் உட்கார்ந்து, அத்தை மகளுக்காக ஜெபமாலையை எடுத்தாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதைத்தானே நான் சொன்னேன். மாதா எங்களோடு தங்கிவிட்டது சந்தோஷமான சேதிதானே. அதைக் கேட்டு அத்தை ஏன் அழ வேண்டும், அதைச் சொன்னதற்கு அம்மா ஏன் அடிக்க வேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.