பானைத் துரையின் இடுப்பு

பக்கிரிசாமிக்கு எந்தத் துரையாக வேண்டுமானாலும் ஆகத் தெரியும். பக்கிரிசாமியாக மட்டும் ஆகத் தெரியாது. அதுதான் அவனுக்கு வந்த வினை.

கோலாலம்பூர் கோல்ப் திடலில் அவன் ஒரு கேடி. துரைமார் பந்தடிக்கிற தடிகளை எல்லாம் ஒரு தோல் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்கள் பின்னாலேயே வெயிலில் நடப்பதற்குப் பேர்தான் கேடி உத்தியோகம். மீசை முளைக்கும் முன்னே சேர்ந்தவன், மீசையில் ஒன்றிரண்டு நரைக்கும் வரை நடந்தான். நடந்த நடையில் ஒவ்வொரு துரையும் அவன் உடம்புக்குள் குடியேறிவிட்டார்கள். மழைக்குக் கேடிகள் கொட்டகையில் ஒதுங்கினால் அங்கே கூத்து அவனுடையதுதான்.

"அண்ணே, கொக்கு தொரைய காட்டுங்க."

ஒற்றைக் காலைத் தூக்கி, வானத்தைக் குத்துகிற மாதிரி தடியை ஓங்குவான். கொட்டகை அதிரும்.

"சாட்டை தொரை?"

அதுவும் வரும். எல்லாவற்றுக்கும் மேலே பானைத் துரை. கிளப்பின் செயலாளர். வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். பந்தின் முன் நின்றதும் ஒரு இருமல், இடுப்பை இடமும் வலமும் ஒரு ஆட்டு, நாக்கு நுனி வெளியே, பிறகு பாதித் தடியை ஓங்கி 'டொக்'. பந்து அதிக தூரம் போகாது. ஆனால் நூல் பிடித்த மாதிரி போகும்.

ரப்பர் விலை விழுந்து ஊரே சுருண்டு கிடந்த காலம். பக்கிரிசாமியும் மனைவி நல்லம்மாளும் பிரிக்பீல்ட்ஸில் அவள் அண்ணன் சின்னையாவின் ரயில்வே வீட்டில், அடுப்பங்கரையில் விறகுக்கட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். இரவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் இவர்களைத் தாண்டித்தான் பானையைத் தொட வேண்டும். அப்போது கேடிகளை மேய்க்கும் மண்டோராக இருந்த மேஸ்திரி கப்பலேறி நாகப்பட்டினம் போய்விட்டார். மண்டோர் வேலைக்கு வருகிறவனுக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. கதவு வைத்த அறை.

பானைத் துரை யோசித்துவிட்டுச் சொன்னார்: பக்கிரிசாமி, ஜெயராஜ், இருவரும் திங்கட்கிழமை காலை ஒன்பது குழி ஆடட்டும். குறைந்த அடியில் பந்தைக் குழிகளில் போட்டு ஜெயிக்கிறவன் மண்டோர்.

ஜெயராஜும் கேடிதான், இளவட்டம். அடித்தால் பந்து எங்கோ போய் விழும். பக்கிரிசாமிக்குப் பக்கத்து அடியெல்லாம் சுத்தம். முதல் அடிதான் ஆகாது. டிரைவர் என்கிற நீளத் தடியைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு பந்து கொடிக்கு நேரே போகும், அடுத்தது இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல்லுக்குள் போகும், மூன்றாவது போன இடம் முருகனுக்கே வெளிச்சம்.

சாயங்காலங்களில் கிள்ளான் ஆற்றோரப் பொட்டலில் பழகினான். ஈர மணலைப் பிடித்துக் கொழுக்கட்டை மாதிரி ஒரு குவியல் வைத்து, அதன் உச்சியில் பந்தை நிறுத்தி அடிப்பான். பந்து பொறுக்குவது நல்லம்மாள்.

"என்னாதான் ஆச்சு ஒங்களுக்கு?" என்றாள், சேற்றுக்காலோடு திரும்பி வந்து. "ஒரே ஆளு மாதிரி அடிங்களேன். இப்ப அடிச்சது கொக்கு. அதுக்கு முன்ன சாட்டை. நான் எந்தத் தொரைக்குன்னு ஓடறது?"

அவனுக்கு அது தைத்தது. தடியைத் தூக்கினால் யார் வருவார் என்று அவனுக்கே தெரிவதில்லை. முந்தின நாள் யார் பையைத் தூக்கினானோ அவர் வந்து நிற்பார்.

"சரி, யாரு மாதிரி அடிக்கட்டும்? சொல்லு."

"பானை தொரை மாதிரி. கொக்கு அடிச்சா ஆத்துல எறங்கித் தேடணும். பானை அடிச்சா முந்தானைய விரிச்சிக்கிட்டு ஒரே எடத்துல நிக்கலாம்."

பானைத் துரையாகவே நின்றான். இருமல், இடுப்பு, நாக்கு, டொக். பந்து நேரே போனது. மறுபடி, மறுபடி, நேரே. நல்லம்மாள் நிஜமாகவே முந்தானையை விரித்து நின்றாள்.

பிறகுதான் உறைத்தது. வேலை கொடுப்பவர் பானைத் துரை. அவர் கண் முன்னால் அவரையே ஆடிக் காட்டினால் மண்டோர் வேலை இருக்கட்டும், பை தூக்கும் வேலையும் போகும். இடுப்பை விட்டுவிட்டு அடித்துப் பார்த்தான். பந்து ஆற்றில் விழுந்தது. இருமலை விட்டான், ஆறு. நாக்கை உள்ளே வைத்துக்கொண்டான், அதுவும் ஆறு. துரையைத் துண்டு போட்டு எடுத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்தால் முழுசாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை பானைத் துரை கிளப் வராந்தாவில் முட்டை தின்றுகொண்டிருந்தார். அந்தத் தைரியத்தில் பக்கிரிசாமி எட்டுக் குழி வரை தாராளமாக இடுப்பை ஆட்டினான். கூட வந்த கேடிகள் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஜெயராஜின் பந்து தூரம் போனது, அல்லது புல்லுக்குள் போனது. எட்டு முடிந்தபோது இருவரும் சமம்.

ஒன்பதாவது குழிக்கு முதல் அடி அடிக்கிற இடம் வராந்தாவுக்கு நேர் எதிரே. துரை தேத்தண்ணிக் கோப்பையோடு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

முதலில் ஜெயராஜ் அடித்தான். பந்து வளைந்து லாலாங்கில் மறைந்தது. தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கிரிசாமியைப் பார்த்தான்.

"இப்ப ஆட்டுங்கண்ணே, பாப்போம்."

பக்கிரிசாமி மணலைப் பிடித்தான். குவியல் ஒருமுறை சரிந்தது; மறுபடி பிடித்தான். சும்மா நேராக நின்று அடித்துவிடலாமா? பந்து எங்கே போகும் என்பது அவனுக்குத் தெரியும். அறையின் கதவு நினைவுக்கு வந்தது.

இருமினான். இடுப்பை இடமும் வலமும் ஆட்டினான். நாக்கு வெளியே வந்தது. டொக்.

பந்து நேரே போய்ப் புல்வெளி நடுவில் நின்றது.

பானைத் துரை நெற்றியைச் சுருக்கினார். கடைத்தெரு மலாயில் கேட்டார்: "இப்படி அடிக்க யாரிடம் கற்றாய்?"

"ரொம்ப நாள் ஒருத்தருக்குப் பை தூக்கினேன், துவான்."

"அந்த ஆளுக்கு ஆட்டம் சுத்தமாகத் தெரியாது." துரை ஒரு மிடறு குடித்தார். "ஆனால் நேராகப் போகிறது. மாற்றாதே."

புல்லுக்குள் ஜெயராஜ் பந்தைத் தேடித் தடியால் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கிரிசாமி ஒன்பதாவது குழியை முடித்துவிட்டான்.

அன்று மத்தியானமே சாவி கிடைத்தது. நல்லம்மாள் ஒரு பாயும் இரண்டு சட்டியும் கொண்டுவந்தாள். கூரையில் ஓட்டை இருந்தது.

"தொரை கண்டுபிடிக்கலியா?"

"இல்ல."

"நெசமாவா? கொட்டகையில போயி இன்னிக்கு நல்லா சிரிச்சிருப்பீங்க."

"சிரிக்கல புள்ள." அவன் சட்டியை வைக்க இடம் பார்த்தான். "இத்தன வருசமா அந்த மனுசன் எப்படி ஆடறார்ன்னு அவருகிட்ட ஒருத்தனும் சொன்னதில்ல போலிருக்கு."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே பட்டப்பகல். யாரும் தண்ணீர் குடிக்க வரவில்லை.