தாங்கியில் தங்காத டீசல்

முதலில் நுரைதான் வரும். டீசல் வடிகட்டியின் தலையிலுள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்திவிட்டு, பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று டீசலோடு சேர்ந்து சவர்க்காரத் தண்ணீர் போல நுரைத்து வெளியேறும். நுரை அடங்கித் தெளிந்த டீசல் வடியும்வரை கையை எடுக்கக்கூடாது. பிறகுதான் எஞ்சின் பிடிக்கும். எங்களூரில் இதை 'எயர் எடுக்கிறது' என்பார்கள். என் அத்தானை, அதாவது அக்காவின் கணவரை, நினைக்கும்போதெல்லாம் அந்த நுரைதான் கண்ணில் நிற்கிறது. கூடவே ஓர் எரிச்சலும் வருகிறது. அவர் காலமான பின்னும் அது அடங்கவில்லை.

எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், ஆவணியிலும் புரட்டாதியிலும் நடந்தது இது. கோப்பாய் வெளியில் அத்தானுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மழையை மட்டும் நம்பிய பள்ளக் காணி. மண் புழுதியாக இருக்கும்போதே உழுது விதைத்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் அதற்குள் எந்த டிராக்டரும் போகாது. அந்த வருடம் அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. தகப்பன் காலத்திலிருந்து அவர்கள் விட்டுப்போகாமல் விதைத்துவந்தது மொட்டைக்கறுப்பன் நெல். போரில் இடம்பெயர்ந்தபோதும் அத்தான் அதில் ஒரு சிறு சாக்கைத் தோளில் சுமந்து போனவர். ஆனால் முந்தின மாரியில் வெள்ளம் நின்று பயிர் முழுவதும் அழுகிவிட்டது. மிஞ்சியது அதற்கும் முந்தின அறுவடையின் விதை. நெல் அதிக காலம் கிடந்தால் முளைக்காது. இந்த முறை மண்ணுக்குள் போகாவிட்டால் அந்த நெல் எங்கள் குடும்பத்தை விட்டே போய்விடும். அத்தான், அக்கா, நான் மூன்று பேருக்கும் அது தெரியும்.

வாடகைக்கு உழுபவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைத்தவர்களின் வயல்களில் நின்றார்கள். எங்களுக்கு இருந்தது அத்தானின் பழைய சிவப்பு டிராக்டர்தான். காலையில் அது பிடிக்காது. பக்கத்து ஊரிலிருந்து நான் சைக்கிளில் போய்ச் சேரும்போது அத்தான் சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பார். எஞ்சின் உருளும், ஆனால் புகைக்குழாயில் ஒரு துளி புகையும் வராது. புகை இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். எயர் எடுப்போம். அதற்குள் பற்றரி செத்துவிடும். அதைக் கழற்றிக் கடையில் சார்ஜ் போடக் கொடுத்தால் மறுநாள்தான் வரும். பிடித்த நாட்களில் ஒரு குறையுமில்லாமல் ஓடும். அப்படிப் பிடித்த நாட்களில் முதல் உழவை ஒருவாறு முடித்தோம். இனி விதைத்து மூடுகிற உழவு ஒன்றுதான் மிச்சம். ஒரு நாள் வேலை.

டிராக்டருக்கான பழைய ஆங்கிலக் கைநூல் ஒன்றைத் தேடிப்பிடித்து வரிவரியாக வாசித்தேன். காற்று எங்கேயோ புகுகிறது, அவ்வளவுதான் அதன் முடிவு. வடிகட்டியை மாற்றினேன். செப்பு வளையங்களை மாற்றினேன். இறப்பர்க் குழாயைப் புதிதாக வாங்கிப் பூட்டினேன். மறுநாள் காலையிலும் நுரை. அந்த நுரையைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, இண்டைக்கும் காய்ச்சலோ? வைத்தியர் வந்திட்டார் போல" என்பார்.

புரட்டாதி இரண்டாம் சனியன்று வழக்கத்தைவிட முன்னதாகப் போனேன். அத்தான் ஒரு பிளாஸ்ரிக் கலனிலிருந்து தாங்கிக்குள் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உதென்ன அத்தான்?"

"டீசல்."

"நேற்றுப் பின்னேரம் தாங்கி நிறையக் கிடந்ததே!"

அவர் கலனை இன்னும் சரித்தார். அடுப்படியில் நின்ற அக்கா குசினி வாசலுக்கு வந்து சொன்னார்: "உந்தாளுக்கு டீசல் கட்டிலுக்குக் கீழை கிடந்தால்தான் நித்திரை வரும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் குழாயைக் கழட்டி வடிச்சுக்கொண்டு வாறார். உனக்குத் தெரியாதோ?"

போரின்போது எங்கள் பக்கத்துக்கு டீசல் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்துப் பழக்கம் அது. அந்நாட்களில் டீசல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. தாங்கியில் விட்டுவைத்தால் விடியும்போது இருக்காது. தடை நீங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் வரிசைகள் வந்தபோது, தான் செய்ததுதான் சரியென்று அத்தானுக்கு மறுபடியும் உறுதியாகிவிட்டது. காரணம் விளங்கினால் கோபம் தணியும் என்று எங்கெங்கோ வாசித்திருக்கிறேன். எனக்குத் தணியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் தன் கையாலேயே குழாய்க்குள் காற்றை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு காலையும் என்னோடு சேர்ந்து அதைத் தேடிய மனிதர் அவர்!

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணை, டிராக்டரை வெளியிலை விட்டிட்டு டீசலோடை படுக்கிறியள். ஒருநாளைக்குக் கள்ளன் டிராக்டரையே கொண்டுபோகப்போறான்" என்றார்.

"கொண்டுபோகட்டும். அவனும் இருந்து எயர் எடுக்கட்டும்" என்றார் அக்கா. அத்தான்கூடச் சிரித்துவிட்டார்.

அன்று எயர் எடுத்து ஓடவிட்டுப் பார்த்தோம். பற்றரியும் ஏதோ தாங்கியது. அதற்குள் மத்தியானமாகிவிட்டதால் விதைப்பு மறுநாள் என்று முடிவாயிற்று. புறப்படும்போது கேட்டேன்:

"இண்டைக்கு மட்டும் டீசலிலை கைவையாதேங்கோ, அத்தான்."

"ஓம் மச்சான், ஓம். நீ பயப்படாமல் போ."

மறுநாள் நான் போனபோது கிழக்கு இருண்டிருந்தது. விதைச் சாக்கு டிராக்டரின் பின்பெட்டியில் ஏற்றித் தயாராக இருந்தது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் உருண்டது. புகை வரவில்லை. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"நாய் குலைச்சது, மச்சான். ஆரோ வந்தமாதிரிக் கிடந்தது."

"நாய் ஒவ்வொரு நாளும் குலைக்குது, அத்தான்!"

திருகாணியைத் தளர்த்தினேன். நுரை நிற்குமுன்னே மழையின் முதல் துளிகள் எஞ்சின் மூடியில் விழுந்தன. பற்றரி இழுத்து இழுத்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து மூன்று பேராகத் தள்ளிப் பார்த்தோம். முற்றம் சேறாகிக்கொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து விதைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த மழை தொடர்ந்து பெய்தது. வயலில் தண்ணீர் நின்றுவிட்டது.

அடுத்த ஆவணியில் அத்தான் ஒரு பிடி நெல்லை ஈரச் சாக்குத் துண்டில் முடிந்துவைத்தார். நாலைந்து நாள் பொறுத்து அவிழ்த்துப் பார்த்தார். புளித்த மணம் வந்ததே தவிர ஒன்றும் முளைக்கவில்லை. மிச்சத்தை அக்கா குத்திச் சோறாக்கினார். அன்று நானும் அங்கே சாப்பிட்டேன். அத்தான், "சோறு நல்லாய்த்தான் கிடக்கு" என்றார். பின்னேரம் நான் சைக்கிளை எடுத்தபோது அவர் டிராக்டருக்குக் கீழே குந்தியிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வயலும் டிராக்டரும் இப்போது என் பொறுப்பில். தாங்கி எப்போதும் நிறைந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் பிடித்துவிடுகிறது. இந்தப் புரட்டாதியில் மழைக்கு வெகு முன்னரே உழுது முடித்துவிட்டேன். விதைத்தது கடையில் வாங்கிய நெல்.