மஞ்சள் அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் அட்டை கிடக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது, உள்ளங்கை அகலம், ஒரு மூலையில் டீக்கறை. வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம், பிள்ளைகளே, நீங்கள் அதைக் குப்பையில் போடப் போவீர்கள். நான் வாங்கித் திரும்ப உள்ளே வைப்பேன். ஏன்பா என்று கேட்டால் அப்புறம் சொல்கிறேன் என்று நழுவிவிடுவேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

இப்போதைய ஆபீசுக்கு வருவதற்கு முன், சென்னைக்குத் தெற்கே படூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. கதவு திறப்பது, டீ போடுவது, தபால் கொண்டுபோவது. அங்கே ஒரு மேடம் இருந்தார். செங்கல்பட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மற்றவர்களிடம் இங்கிலீஷ் பேசுவார், என்னிடம் மட்டும் ஊர்ப் பேச்சு. மாமல்லபுரம் கடற்கரை விடுதிகளுக்காக அவர் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். அது ஒன்றல்ல, நான்கு சேர்ந்தது. விருந்தாளியின் செய்தியைப் படிக்க ஒன்று, அறை பார்க்க ஒன்று, சமையல்காரருக்குச் சொல்ல ஒன்று, வண்டி அனுப்ப ஒன்று. ஏஜெண்ட் என்பார்கள். ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே யோசித்துச் செய்யும், மற்றவற்றோடு பேசிக்கொள்ளும்.

முதல் சோதனையிலேயே கோளாறு. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது. அறை தயார், சாப்பாடு தயார், வண்டி மட்டும் போகவில்லை. செய்தி படிக்கும் ஏஜெண்ட், அறை பார்க்கும் ஏஜெண்ட் வண்டிக்குச் சொல்லிவிடும் என்று இருந்திருக்கிறது. அறை பார்க்கும் ஏஜெண்டோ, செய்தி படிக்கும் ஏஜெண்ட் முன்பே சொல்லியிருக்கும் என்று இருந்திருக்கிறது. வண்டியைத் தவிர மற்ற மூன்றும் தங்கள் வேலை ‘முடிந்தது’ என்று எழுதி வைத்திருந்தன. எதுவும் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் மேடம் இந்த அட்டையை வெட்டினார். மேனேஜரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நான்கு ஏஜெண்டாக நடிக்க வேண்டும். நான் வண்டி. அட்டை யாரிடம் இருக்கிறதோ, வேலை அவருடையது. வாங்குகிறவர் ‘என் கையில’ என்று சொல்ல வேண்டும், அதுவரைக்கும் கொடுத்தவர்தான் பொறுப்பு. நான் சும்மா தலையாட்டினால் மேடம் அட்டையின் மறுமுனையை விடவே மாட்டார்.

“இன்னாணா, நீ தலைய ஆட்டினா கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? வாயத் தொறந்து சொல்லுணா.”

“டீ வாங்கும்போது நீங்க மட்டும் சொல்றீங்களா மேடம்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து டீ கிளாஸை வாங்கும்போதெல்லாம் ‘என் கையில’ என்பார். டீயை ஒருநாளும் சூடாகக் குடித்ததில்லை, அது வேறு விஷயம்.

ஒருநாள் மத்தியானம் அப்படி நடித்துக்கொண்டிருந்தோம். அட்டை என்னிடம் வந்தது. ‘என் கையில’ என்றேன். மேடத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “கேஸ் ட்ரபிளாதான் இருக்கும்” என்று நெஞ்சைத் தடவினார். உடனே எல்லோரும் எழுந்துவிட்டோம். ஒருவர் வண்டி பிடித்தார், ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார், ஒருவர் மேடத்தின் தம்பிக்குச் சொன்னார். நான் அவர் பையை எடுத்துக்கொண்டு, அவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்து வண்டியில் உட்கார வைத்தேன். மேனேஜர் பின்னாலேயே இறங்கி வருகிறார், அவர் ஏறிக்கொள்வார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினேன். அடுப்பில் பால் இருந்தது, மேலே ஓடினேன். நான் ஏறிப் போயிருப்பேன் என்று மேனேஜர் நினைத்திருக்கிறார். லிஃப்ட் கதவில் இருவரும் எதிரெதிரே நின்றோம். அதற்குள் வண்டி போய்விட்டது.

கேளம்பாக்கம் நெரிசலில் மேடம் தூங்குகிறார் என்று ஓட்டுநர் நினைத்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்து மேடத்தின் தம்பி சாமான்களை வாங்க ஆபீசுக்கு வந்தார். சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“கூட யார்ணா போனது?”

நான் மேடத்தின் டீ கிளாஸைத் துடைத்துச் சாமான்களோடு வைத்தேன்.

அந்த மென்பொருள் இப்போது நன்றாக ஓடுகிறதாம். ஒரு வேலையை ஒன்று கொடுத்தால், இன்னொன்று வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும்வரை விடாதாம். வெயிலில் யாரும் நிற்பதில்லை. நான் வேறு ஆபீசுக்கு வந்துவிட்டேன்.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். மேடம் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது சட்டைப் பையில் அது இருந்தது. மத்தியானம் முழுக்க என்னிடம்தான் இருந்திருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் திருப்பிக் கொடுக்க நினைத்திருக்கிறேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ‘என் கையில’ என்று சொல்ல மேடம் இல்லை.