நுகத்தடியைப் பிடித்த கை

சுங்கை பினாங் ஆற்றோரத்துச் சேற்றில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கி, பதினாறு மாட்டுவண்டி நிற்கும் கொட்டகை போட்டவன் நான். உப்புத் தண்ணீர்தான் ஊறும் என்று சிரித்தார்கள். அங்கேயே நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். என்னை நம்பி அரிசி மூட்டை ஏற்றமாட்டோம் என்ற கிட்டங்கிக்காரர்கள் பிறகு என் வாசலுக்கு ஆள் அனுப்பினார்கள். பத்து காவான் தோட்டத்தில் கரும்பு வெட்ட வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு வேட்டி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். இங்குள்ள நம்மவர் சங்கத்தின் புது மண்டபத்தில் மாட்டியிருக்கும் படம் எழுத வைக்கிறது.

இந்தியாவிலிருந்து அரசியல் தலைவர் ஒருவர் வந்தபோது, கூட்டத்துக்குப் பேசிவைத்த திடல் முதல் நாள் கைவிட்டுப் போனது. சங்கத்துக் கிராணிகள், ஆபீசில் எழுதும் குமாஸ்தாக்கள், என் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். வண்டி ஓட்டத்தை நிறுத்தினேன். மாடுகளை வெளியே கட்டி, சாணியை வழித்து, மணல் பரப்பிக் கொடுத்தேன். மறுநாள் கூட்டம் சேர்ந்ததும் சங்கச் செயலாளர் மூக்கைச் சுளித்தார்.

“அண்ணே, உங்க வண்டிக்காரங்கள பின்னாடி போகச் சொல்லுங்க லா. நாத்தம் தாங்கல.”

“மாட்டுக் கொட்டாய்க்கு நீங்கதான் தம்பி வந்திருக்கீங்க. நாங்க இங்கேயே இருக்கறவங்க.”

இருந்தும் அவர்களைப் பின்னால் தள்ளினார்கள். தலைவர் வந்தார். முழங்காலுக்கு மேலே வேட்டி, காலில் செருப்பில்லை. கிராணிகள் போட்ட மேடையையும் நாற்காலியையும் அவர் பார்க்கவேயில்லை.

“பின்னாடி நிக்கிறவங்களுக்கு நான் தெரியமாட்டேனே. அந்த வண்டி போதும்” என்று மாடு பூட்டாத என் வண்டியில் பின்பக்கமாக ஏறிவிட்டார்.

மாடில்லாத வண்டியில் பின்னால் பாரம் ஏறினால் முன்னால் நுகத்தடி எழும்பும், வண்டி கவிழும். கிராணிகளில் ஒருவனுக்கும் அது தெரியாது. தெரிந்த என் ஆட்களோ கூட்டத்துக்குப் பின்னால். நான் பாய்ந்து நுகத்தடியை அழுத்தினேன். அவர் எளிமையைச் சொல்லி இன்று எல்லோரும் கண் கலங்குகிறார்கள். அந்த எளிமை மல்லாக்க விழாமல் ஒரு மணி நேரம் பிடித்தவன் நான்.

பேசி முடித்து இறங்கியவர், “இடம் யாரோடது?” என்று கேட்டார்.

“எங்க சங்கத்து ஏற்பாடுங்கய்யா” என்றார் செயலாளர்.

நான் கை மரத்துப்போய் நிமிர்வதற்குள் காரில் ஏற்றிவிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கு, வண்டி ஏன் ஆடாமல் நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை.

மண்டபத்துப் படத்தில் தலைவர் இருக்கிறார், பக்கத்தில் மாலையோடு செயலாளர். நுகத்தடியோடு சேர்த்து என்னை வெட்டிவிட்டார்கள். செயலாளரிடம் போய்க் கேட்டேன்.

“சட்டத்துக்குள்ள அடங்கலண்ணே.”

“உங்க தொந்தி அடங்குச்சு, என் ரெண்டு கை அடங்கலயா?”

படம் எடுத்த சீனர் கடையில் முழுப் படம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். முகம் குனிந்திருக்கிறது, கைகள் தெளிவாக இருக்கின்றன. இடது கை மோதிர விரல் பாதிதான். கப்பல்துறையில் சக்கரம் நசுக்கிய விரல், பினாங்கில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. சங்கத்தாரே, அந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டுங்கள். சட்டத்தைப் பெரிதாகச் செய்யுங்கள். கொட்டகையும் வண்டியும் கையும் யாருடையவை என்று கீழே எழுதுங்கள், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.